மாங்கர் பணி: தலைநகரின் பக்கத்தில் ஒரு கோயில்காடு

தில்லிக்கு வந்து முப்பது வருஷம் ஆன பிறகும் நம்மவர்களில் பலருக்கு நடை என்றால் லோதி தோட்டம், இல்லாவிட்டால் குடியிருப்புக்குள் இருக்கும் பூங்கா. காடு என்றால் கார்பெட், ஜீப், டிக்கெட். இரண்டுக்கும் நடுவே, காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில், சந்தடியில்லாத ஒரு கிராமத்துக் காடு இருக்கிறது. குருகிராம்–ஃபரீதாபாத் சாலையிலிருந்து சற்று உள்ளே, ஆரவல்லிக் குன்றுகளின் நடுவே, மாங்கர் என்ற குஜ்ஜர் கிராமத்தை ஒட்டியது. பெயர் மாங்கர் பணி.

'பணி' என்று தமிழில் எழுதினால் உத்தியோகம் என்று படித்துவிடுவோம்! 'வனம்' இங்கே 'பன்' ஆகி, அதன் செல்லக் குறுக்கம் 'பணி' ஆயிற்று. சின்னக் காடு என்று பொருள். சின்னதுதான், மையப் பகுதி 677 ஏக்கர். பள்ளத்தாக்கின் உள்ளே குதரியா தாஸ் பாபா என்ற துறவியின் கோயில். அவர் காட்டில் கிளை ஒடித்தால் கெடுதல் வரும் என்பது மாங்கர், பந்த்வாரி, பலியாவாஸ் ஆகிய மூன்று ஊர்க்காரர்களின் நம்பிக்கை. புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எங்களோடு வந்த நண்பரின் தாயார், "அட, இது நம்ம ஐயனார் காடு மாதிரில்ல இருக்கு! குதிரைதான் இல்லை" என்றார்.

நம்பிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது. அதன் பலனைக் கண்ணாலேயே பார்க்கலாம். தில்லி ரிட்ஜ் முழுவதும் மண்டிக் கிடப்பது எது தெரியுமா? ராமநாதபுரத்துக்காரர்கள் பார்த்ததும் முகம் சுளிக்கும் அதே சீமைக் கருவேலம்தான். வெள்ளைக்காரர் காலத்தில், புதுதில்லி உருவானபோது, குன்றுகளைப் பசுமையாக்க வேண்டும் என்று அதைக் கொண்டுவந்து நட்டார்கள். அது மற்றதை எல்லாம் தள்ளிவிட்டுத் தானே காடாகிவிட்டது. ஆரவல்லிக்கு உரிய காடு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள இன்று இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

இங்கே அரசன் 'தௌ' என்ற மரம். நம் மலைக்காடுகளில் நமை என்றும் வெக்காளி என்றும் சொல்கிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. சின்ன இலை, தொங்கும் கிளை. மண்ணே இல்லாத பாறைச் சரிவில் நிற்கும். மிக மெதுவாக வளரும். விதையிலிருந்து முளைப்பது அபூர்வம். வேரிலிருந்து கன்று விட்டுத்தான் பெரும்பாலும் பரவும். ஆகவே ஒரு சரிவை வெட்டித் தீர்த்துவிட்டால் நாற்று நட்டு நாளைக்கே திருப்பிக் கொண்டுவர முடியாது. இதன் இன்னொரு குணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆடு மாடு ஓயாமல் கடித்தால் தௌ செத்துப்போகாது, தரையோடு தரையாகப் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிடும். கடிப்பது நின்றால் மெல்ல எழுந்து மரமாகும். பணிக்கு வெளியே பாயாகவும் உள்ளே தலைக்கு மேலும் ஒரே மரத்தைப் பார்க்கலாம்.

நடக்கும்போது எங்களுடன் வந்த ஊர்ப் பெரியவர் அதிகம் பேசவில்லை. கூட வந்த பையன் கீழே கிடந்த ஒரு சுள்ளியைக் கிரிக்கெட் மட்டை மாதிரி சுழற்றினான். "பேட்டா, வஹீன் ரக் தே" என்றார், கோபமில்லாமல். காய்ந்து விழுந்ததைக்கூட அடுப்புக்கு எடுத்துப்போவதில்லையாம்.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் காடு பத்திரமாக இருக்கிறதா என்றால், அங்கேதான் சிக்கல். சுற்றியுள்ள குன்றுகளைக் கல்லுக்காக வெட்டினார்கள். தில்லியில் வீடு கட்டியவர்களுக்கு 'பதர்பூர்' என்ற சொல் தெரிந்திருக்கும். காண்ட்ராக்டர் கணக்கில் சிமெண்டுக்கு அடுத்த வரியில் வரும் மணல். அது ஆரவல்லியின் கல்தான். நாம் குடியிருக்கும் சுவர்களிலும் இந்தக் குன்றுகள் கொஞ்சம் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2002லும் 2009லும் இந்தப் பகுதிச் சுரங்கங்களை நிறுத்தியது. அடுத்தது நிலம். ஊர்ப் பொதுவாக இருந்த மலை, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பத்திரங்களில் தனித்தனிப் பங்காகப் பிரிந்து, பல பங்குகள் வெளியாரிடம் போய்விட்டன. சாமிக்குப் பயந்து கிளை ஒடிக்காதவர் ஊரில் இருக்கிறார். பத்திரம் வைத்திருப்பவர் எங்கோ இருக்கிறார், அவருக்குப் பாபாவைத் தெரியாது. 2016இல் ஹரியானா அரசு 677 ஏக்கரையும், சுற்றி 500 மீட்டரையும் கட்டடம் கூடாத பகுதியாக அறிவித்தது. 2021இல் மாங்கர் குன்றுகளில் பழைய பாறை ஓவியங்களும் வெளிச்சத்துக்கு வந்தன. பக்கத்திலேயே பந்த்வாரியில் ஆண்டுக்கணக்காகக் கொட்டிய நகரக் குப்பை மலையாக நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். கிளம்புமுன் அனுமதி பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நாலைந்து பேராக, நன்றாக விடிந்த பிறகு போங்க. சிறுத்தையும் கழுதைப்புலியும் உள்ள இடம். அவை பெரும்பாலும் கண்ணில் படாது, ஆனால் அந்தி சாய்வதற்குள் வெளியே வந்துவிடுவது நல்லது. பாட்டுப் பெட்டி வேண்டாம். தண்ணீரும் தயிர்சாதமும் எடுத்துப் போகலாம். பொட்டலமும் பாட்டிலும் உங்களோடு திரும்ப வர வேண்டும்.

மழைக்குப் பின் ஆகஸ்ட், செப்டம்பரில் பள்ளத்தாக்கு பச்சைப்பசேல். குளிர் முற்றும்போது தௌ இலை செம்பு நிறமாகும்; எனக்கு அந்த நாட்கள்தான் பிடிக்கும். மார்ச்சில் அது மொட்டையாக நிற்க, ஆங்காங்கே புரச மரம் பூத்திருக்கும். மே மாதத்தில் போகாதீர்கள், பாறை சுடும்.