கடலோர நகரின் காப்புக் கரை

தாழ்ந்த நிலத்தில் வாழும் மக்களுக்குக் கரையே காப்பு. கரையின் உயரத்தைப் பலரும் நோக்குகின்றனர். அது எம்மண்ணின்மேல் நிற்கிறது என்பதை நோக்குவோர் சிலரே. இரண்டும் ஒருங்கே கவனிக்கத்தக்கவை என்பதை அமெரிக்காவிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரம் பெருவிலை கொடுத்து அறிந்தது.

அந்நகரம் மிஸ்ஸிஸிப்பி ஆற்றுக்கும் ஓர் உப்பங்கழி ஏரிக்கும் இடையே கிண்ணம்போல் அமைந்துள்ளது. அதன் ஏறக்குறையப் பாதி கடல்மட்டத்திற்குக் கீழே உள்ளது. மழைநீரையும் எந்திரங்களால் இறைத்தே வெளியேற்ற வேண்டும். சதுப்பு நிலத்தின் நீரை வடிக்கும்போது, அதிலுள்ள மட்கிய தாவரப் பொருள் காற்றுப்பட்டுச் சிதைகிறது, களிமண் சுருங்குகிறது, நிலமும் தாழ்கிறது.

2005 ஆகஸ்டு 29ஆம் நாள் வீசிய கத்ரினா புயலின்போது கரைகள் 50க்கு மேற்பட்ட இடங்களில் உடைந்தன. நகரின் 80 சதவீதப் பகுதி நீரில் மூழ்கிற்று. அப்புயலில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

உடைந்த விதம்

சில இடங்களில் நீர் சுவரின்மேல் வழிந்து, பின்புறத்து மண்ணை அரித்தது. ஆனால் 17ஆவது தெருக் கால்வாயில் நீர் உச்சியை எட்டுமுன்னரே சுவர் சாய்ந்தது. மண்கரையில் செங்குத்தாக இறக்கிய எஃகுத் தகடுகளின்மேல் கட்டப்பட்ட கான்கிரீட் சுவர் அது. நீரழுத்தத்தால் சுவர் சற்றே வளைய, அதற்கும் மண்ணுக்கும் இடையே பிளவு தோன்றியது. பிளவினுள் புகுந்த நீர் மேலும் அழுத்த, அடியிலிருந்த மென்களிமண் வழுக்கிற்று. லண்டன் நிழற்சாலைக் கால்வாயிலோ, மணற்படுகை வழியே ஊடுருவிய கசிவு அடித்தளத்தைப் பலவீனப்படுத்திற்று.

புதுப்பித்த முறை

பின்னர்ச் சுமார் 1,450 கோடி டாலர் செலவில் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காப்பு வளையம் திருத்தியமைக்கப்பட்டது. பல இடங்களில் தலைகீழான ‘டி’ எழுத்தின் வடிவில் சுவர்கள் எழுப்பப்பட்டன. அவற்றின் அகன்ற அடித்தளத்தைச் சாய்வாக இறக்கிய முளைகள் தாங்குகின்றன. அடியிலுள்ள எஃகுத் தகடுகள் கசிவைத் தடுக்கின்றன. போர்ன் ஏரிப் பக்கம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத் தடுப்பு, கடல்நீர் நகரை நெருங்குமுன்னரே அதனை மறிக்கிறது. 2021இல், அதே ஆகஸ்டு 29இல் ஐடா புயல் தாக்கியபோது இவ்வளையம் உடையாது நின்றது.

எனினும் பணி முடிந்துவிடவில்லை. கரை தன் பாரத்தாலேயே அமிழ்கிறது; நிலம் தாழ்கிறது; கடலோ உயர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. அக்காலத்தின் இறுதிப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. ஆகவே கரையை அவ்வப்போது உயர்த்துவது இன்றியமையாதது.

ஆசிரியர்கள் கவனத்திற்கு

இக்காப்பு ‘நூறாண்டுப் புயலுக்கு’ ஏற்றது எனப்படும். நூறாண்டுக்கு ஒருமுறைதான் அத்தகைய புயல் வருமென்பது இதன் பொருளன்று. ஒவ்வோராண்டும் அது வரக்கூடிய வாய்ப்பு 1 சதவீதம் என்பதே பொருள். ஓராண்டு வராதிருக்கும் வாய்ப்பு 0.99. இதனை முப்பது முறை பெருக்கினால் 0.74 கிடைக்கும். எனவே முப்பதாண்டில் ஒருமுறையேனும் வருவதற்குரிய வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

களப்பணியாளர் கவனத்திற்கு

நம் நாட்டிலும் கேரளத்துக் குட்டநாட்டு வயல்களும், வங்கத்துச் சுந்தரவனத் தீவுகளும் கரைகளை நம்பியே உள்ளன. 2009 மே மாதம் அய்லா புயலில் சுந்தரவனக் கரைகள் பல இடங்களில் உடைந்து, உவர்நீர் வயல்களில் புகுந்தது.

கரையைப் பார்வையிடுவோர் உச்சியில் மட்டும் நடந்து திரும்பலாகாது. நிலப்புறத்து அடிவாரத்தில் ஈரம், ஊற்று, எலிவளை, மரவேர், வெடிப்பு ஆகியவை உண்டா என நோக்க வேண்டும். தெளிந்த கசிவு கண்காணிக்கத்தக்கது. மண்ணோடு கலங்கி வரும் கசிவோ உடனடி அபாயத்தின் அறிகுறி. உச்சியின் மட்டத்தை ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்தால், எவ்விடம் அமிழ்கிறது என்பது விளங்கும். அமிழ்ந்த இடமே வெள்ளம் முதலில் வழியும் இடம். அதனை மழைக்காலத்துக்கு முன்னரே கண்டு உயர்த்துதல், உடைந்தபின் அடைப்பதினும் எளிது, உயிர்களையும் காக்கும்.