வான் போன பிறகும் நிற்கும் கூடாரம்: காம்பர் வானோடு பக்கக் கூடாரம் பாவிப்பது எப்படி?

பிரித்தானியாவில் பாடசாலை விடுமுறை நெருங்கும்போது எங்கள் ஆட்களிடமிருந்து ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: "காம்பர் வானுக்குப் பக்கத்தில கட்டுற கூடாரத்தில எது நல்லது?" படங்களைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து வரும் கேள்வி வேறு: "வீடு வாசலை விட்டிட்டு, காசும் குடுத்து ஏன் தறப்பாளுக்குள்ள போய்ப் படுக்கிறியள்?" இரண்டுமே நியாயமான கேள்விகள். சில வருடங்களாக ஒரு பழைய வானோடு இந்தக் கூடாரத்தைப் பாவித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

காம்பர் வான் என்பது படுக்கையும் சிறு சமையல் மேடையும் உள்ள வான். 1951இல் ஜேர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனம் வொக்ஸ்வாகன் வானுக்குள் வைக்கும் படுக்கைப் பெட்டியைச் செய்யத் தொடங்கியதோடு இது பிரபலமானது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அதற்குள் படுக்க இடம் காணும். சப்பாத்து கழற்றவும் மழைக்குள் இருந்து சாப்பிடவும் இடம் காணாது. அந்தக் குறையைத் தீர்க்க வானின் பக்கத்தில் ஒட்டி நிற்கும் கூடாரம்தான் 'ட்ரைவ் எவே ஓனிங்'. பெயர் சொல்வது போல, அதைக் கழற்றி நிற்க விட்டுவிட்டு வானை எடுத்துக்கொண்டு கடைக்கோ கடற்கரைக்கோ போய்வரலாம். சாதாரண ஓனிங் வானில்தான் தொங்கும். வான் போக வேண்டுமென்றால் அதைச் சுருட்டியே ஆகவேண்டும். இதுவோ தன் காலில் தானே நிற்கும்.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

முதலாவது உயரம். கூரையின் உச்சியை அளக்கக் கூடாது. கூடாரம் வானில் இணைகிற இடத்தின் உயரத்தைத் தரையிலிருந்து அளக்க வேண்டும். கூடாரங்கள் பொதுவாகத் தாழ்ந்தது, நடுத்தரம், உயர்ந்தது என்று விற்கப்படுகின்றன. தாழ்ந்த வகை ஏறத்தாழ 180 முதல் 210 சென்ரிமீற்றர் வரையான இணைப்பு உயரத்துக்கு ஏற்றது. வொக்ஸ்வாகன் ட்ரான்ஸ்போர்ட்டரின் மொத்த உயரமே 2 மீற்றர் அளவுதான் என்பதால் அது இந்த வகைக்குள் வரும். பியட் டுகாட்டோ போன்ற உயர்ந்த வான்களுக்கு இந்தக் கூடாரத்தைக் கட்டினால் இணைப்புப் பகுதி கீழே இழுபட்டு, நடுவில் மழைத்தண்ணி தேங்கும்.

இரண்டாவது கதவு. பிரித்தானிய வான்களில் இழுத்துத் திறக்கும் கதவு பெரும்பாலும் இடது பக்கம், அதாவது நடைபாதைப் பக்கம் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த வான்களில் அது வலது பக்கம் இருக்கலாம். கூடாரத்தின் வாசல் எந்தப் பக்கம் வருகிறது என்பதை இதை வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது இணைப்பு. வானின் கூரையோரத்தில் ஒரு காடி, அதாவது றெயில், இருந்தால் வேலை இலகு. கூடாரத்தின் விளிம்பில் கயிறு போன்ற ஒரு தடித்த கரை தைக்கப்பட்டிருக்கும். அதேபோன்ற கரையுள்ள ஒரு துணிப்பட்டியை வானின் றெயிலுக்குள் உருவ வேண்டும். இந்த இரண்டு கரைகளையும் ஒன்றாகப் பிடிப்பது, இரண்டு பக்கமும் காடியுள்ள, 8 என்ற இலக்கத்தின் வடிவான பிளாஸ்ரிக் பட்டி. புறப்படும்போது அந்தப் பட்டியை உருவினால் கூடாரம் வானிலிருந்து பிரிந்துவிடும். கரைகளின் தடிப்பு பெரும்பாலும் 4 அல்லது 6 மில்லிமீற்றர். றெயிலை அளக்காமல் பட்டி வாங்க வேண்டாம். றெயில் இல்லாதவர்கள் வானின் கூரைக்கு மேலாக நீண்ட பட்டிகளை எறிந்து மறுபக்கம் கட்டலாம். அது காற்றுக்குச் சற்றுத் தளரும், ஆனால் செலவு குறைவு.

காற்றடிக்கும் கூடாரமா, கம்பிக் கூடாரமா என்பது அடுத்த கேள்வி. காற்றுக் குழாய் உள்ளதைப் பம்பால் அடித்து ஒருவரே சில நிமிடங்களில் நிமிர்த்தலாம். ஆனால் விலையும் பாரமும் கூட. கம்பி உள்ளதைக் கட்ட இரண்டு பேரும் கொஞ்சம் பொறுமையும் தேவை. கம்பி முறிந்தால் மாற்றுவது சுலபம். இவற்றில் பல 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். தூக்கி வானுக்குள் வைக்கப் போகிறவர் யார் என்பதையும் யோசித்து வாங்குங்கள்.

துணியின் தண்ணி தாங்கும் திறனை மில்லிமீற்றரில் சொல்வார்கள். 3000 என்றால், 3 மீற்றர் உயரமான தண்ணீர்த் தூணின் அழுத்தம் வரும்வரை துணி கசியாது என்று பொருள். காலையில் உட்புறம் ஈரமாக இருந்தால் ஒழுக்கு என்று உடனே முடிவெடுக்க வேண்டாம். எங்கள் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணியாவதே பெரும்பாலும் காரணம். இரவில் மேற்பக்கக் காற்றுத் துவாரங்களைத் திறந்து விட்டால் அது குறையும்.

கட்டும் முறை

முதலில் காற்று வரும் திசையைப் பாருங்கள். கூடாரத்தின் முதுகு காற்றுக்கும் வாசல் மறுபக்கத்துக்கும் இருக்கட்டும். வானை மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். கூடாரத்தை விரித்து, மூலைகளில் முளை அடித்த பிறகே காற்றடியுங்கள். முளை அடிக்காமல் நிமிர்த்திய கூடாரம் ஒரு காற்று வீச்சில் பட்டமாகிவிடும். நிமிர்ந்த பின் இணைப்புப் பகுதியை வானோடு சேர்த்து, கடைசியாக இழுகயிறுகளை இறுக்குங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். நிலம் கல்லானால் தடித்த இரும்பு முளைகள் வேண்டும். பெட்டியோடு வரும் மெல்லிய முளைகள் வளைந்துவிடும்.

வன்னியில் தறப்பாள் கட்டிய எவருக்கும் இதில் பாதி புதிதல்ல. தண்ணி தேங்காமல் சரிவு கொடுக்க வேண்டும், துணியை இழுத்துக் கட்ட வேண்டும், பள்ளத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த பாடம். ஒன்று மட்டும் வேறு. கொட்டிலைச் சுற்றி வாய்க்கால் வெட்டும் எங்கள் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். முகாமிடும் பூங்காக்களில் நிலத்தைத் தோண்ட விடமாட்டார்கள். அதனால் மேடான இடத்தை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

விட்டுவிட்டுப் போகும்போது

புறப்பட முன் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்சார வயரைக் கழற்றுங்கள், காஸைப் பூட்டுங்கள், நிமிரும் கூரையை இறக்குங்கள், கதவடிப் படியை எடுங்கள். பிறகே இணைப்புப் பட்டியை உருவி, கூடாரத்தின் வான் பக்க வாசலை மூடி, அந்தப் பகுதியையும் முளையடித்துக் கட்டுங்கள். அதைத் திறந்து விட்டால் காற்று உள்ளே புகுந்து கூடாரத்தைத் தூக்கும். பெறுமதியான பொருட்களை உள்ளே விட வேண்டாம்.

திரும்பி வரும்போது பழைய இடத்திலேயே வானை நிறுத்துவதுதான் பலருக்குக் கஷ்டம். போகும் முன் முன்சில்லுக்குப் பக்கத்தில் ஒரு தட்டையான பலகைத் துண்டை வைத்துவிட்டுப் போனால், வந்து அதன் அருகே நிறுத்தலாம். முளையை அடையாளமாக அடிக்க வேண்டாம். அது ரயரைக் குத்தும், பிள்ளைகள் தடக்கியும் விழுவார்கள். வானைத் திருப்பும்போது ஒருவர் வெளியே நின்று வழி சொல்லட்டும்.

பலமான காற்று வரும் என்று வானிலை அறிவித்தல் சொன்னால், கூடாரத்தை ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது. இறக்கி வைப்பதே நல்லது. ஈரத்தோடு மடித்துக் கொண்டுவந்தால் அடுத்த நாளே வீட்டில் விரித்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: கரி அடுப்பை, பார்பிகியூவை ஒருபோதும் கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. சமைத்து முடிந்து, நெருப்பு அணைந்து, சாம்பல் பூத்த பிறகும் கூடாது. அணைந்தது போலத் தெரியும் கரி மணிக்கணக்காகக் காபனோரொட்சைட்டை வெளிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிருக்கு அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் எழும்பாமலே போன சம்பவங்கள் பிரித்தானியாவில் நடந்திருக்கின்றன. காஸ் அடுப்பாலும் கூடாரத்தைச் சூடாக்கக் கூடாது.

ஊரில் அடுப்படிக் கொட்டிலுக்குள் விறகு எரித்தவர்களுக்கு இது மிகைப்பட்ட பயமாகத் தோன்றலாம். கிடுகு வேலிக்கும் ஓலைக் கூரைக்கும் ஊடாகப் புகை போக வழி இருந்தது. இந்தக் கூடாரத்தின் துணியோ காற்றே புகாதபடி செய்யப்பட்டது. தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப் பிரட்டல், காரணமில்லாத அயர்வு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் உடனே வெளியே வந்து அவசர உதவியை அழையுங்கள். ஈஎன் 50291-2 என்ற தர இலக்கம் உள்ள எச்சரிக்கைக் கருவியை வாங்கி வையுங்கள். வாகனங்களுக்கும் படகுகளுக்குமென வகுக்கப்பட்ட தரம் அது.

சட்டமும் இடமும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நினைத்த இடத்தில் முகாமிடும் பொது உரிமை கிடையாது. ஸ்கொட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் நடந்து போகிறவர்களுக்குத் தருகிற உரிமை வாகனத்தில் போகிறவர்களுக்குப் பொருந்தாது. றோட்டோரத் தரிப்பிடத்தில் கூடாரம் விரித்தால் பிரச்சினை வரும். முகாமிடும் பூங்காவில் பதியும்போதே பக்கக் கூடாரம் இருப்பதைச் சொல்லுங்கள். சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. சரளைத் தரையில் அனுமதிக்காத இடங்களும் உண்டு. நெருப்புப் பரவாமல் இருக்கப் பக்கத்து வாகனத்துக்கும் உங்களுடையதற்கும் இடையில் 6 மீற்றர் விடச் சொல்வது வழக்கம்.

சாதாரண வானை நீங்களே காம்பராக மாற்றியிருந்தால் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். வாகனப் பதிவில் அதை 'மோட்டார் கரவன்' என்று மாற்ற விண்ணப்பித்தால் வெளித்தோற்றத்தையும் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கும் அடையாளங்களில் ஓனிங் பூட்டும் சட்டமும் ஒன்று.

ஊரிலிருந்து வந்த கேள்விக்கு

செட்டிகுளம் மெனிக் பாமில் ஒரு கட்டத்தில் 2 இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். 2009 டிசெம்பர் வரை வெளியே போய்வர அனுமதி இல்லை. 2012 செப்ரெம்பரில்தான் அது மூடப்பட்டது. அங்கே இருந்தவர்களுக்கும், அதற்கு முன் உழவு இயந்திரப் பெட்டியின் ஓரத்தில் தறப்பாளை இழுத்துக் கட்டியபடி இடம் இடமாக ஓடியவர்களுக்கும், கூடாரம் என்பது விடுமுறையின் அடையாளமல்ல. அவர்களுக்கு இதை உல்லாசம் என்று விளங்கப்படுத்த நான் முயலமாட்டேன்.

ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ஒரே வானுக்குள் இந்த இரண்டு பேரும் வருவார்கள். எனது அம்மா பகலில் கூடாரத்துக்குள் கதிரை போட்டிருந்து தேத்தண்ணி குடிப்பார். இரவில் அதற்குள் படுக்கமாட்டார். வானுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டுதான் படுப்பார். நாங்களும் வற்புறுத்துவதில்லை. பேரப்பிள்ளைகள் கூடாரத்தில் படுக்கிறார்கள். வானும் கூடாரமும் சேர்ந்திருப்பதில் எங்களுக்குள்ள பெரிய வசதியே அதுதான்.

இப்படிப்பட்டவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்குச் சில விடயங்கள். முதல் பயணம் வீட்டுக்குக் கிட்டவாக, ஒரு இரவுக்கு மட்டும் இருக்கட்டும். பிடிக்காவிட்டால் இரவோடு இரவாகவும் திரும்பலாம் என்று முன்னரே சொல்லி வையுங்கள். கழிப்பறையும் தண்ணிக் குழாயும் கிட்ட உள்ள, நெரிசல் இல்லாத இடத்தைக் கேளுங்கள். வரிசையில் நின்ற நினைவு பலருக்கு இன்னும் ஆறவில்லை. காற்றில் துணி படபடக்கும் சத்தம் சிலரின் நித்திரையைக் கெடுக்கும். இழுகயிறுகளைப் படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை இறுக்கினால் அந்தச் சத்தம் பெருமளவு குறையும். ஒரு சிறு வெளிச்சத்தை இரவு முழுவதும் எரிய விடுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் பயணத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வளவிலோ அனுமதி உள்ள வெளியிலோ ஒருமுறை கட்டிப் பாருங்கள். முளை குறைகிறதா, பட்டி பொருந்துகிறதா, துணி கிழிந்திருக்கிறதா என்பது அன்றே தெரிந்துவிடும். கடையில் மாற்றிக்கொள்ளவும் நாள் இருக்கும்.