நாற்பத்தெட்டு வயதுக் கலகக்காரர்

1958 மே கடைசி. கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடித் தேடி அடித்தார்கள், வெள்ளவத்தையும் தப்பவில்லை. ரோயல் கல்லூரி அகதி முகாமாயிற்று. முகாம்களில் இருந்த சனத்தைக் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். அம்பலவாணர் சிவானந்தன் வடக்கே போகவில்லை. லண்டனுக்குப் போனார்.

சண்டிலிப்பாய்க் குடும்பம். தகப்பன் தபால் கந்தோர் எழுத்தர். மகன் மருதானை புனித சூசையப்பர் கல்லூரியில் படித்துப் பட்டதாரியாகி, மலையகத்தில் ஆசிரியராக இருந்து, இலங்கை வங்கியில் முகாமையாளராக உயர்ந்தவர். கோட்டும் சூட்டும் போட்ட அந்த மனிதர் லண்டனில் இறங்கிய அதே கோடையில்தான் நொட்டிங் ஹில்லில் கறுப்பின மக்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். ஒரே வருடத்தில் இரண்டு கலவரம். வங்கி வேலையும் கிடைக்கவில்லை. பொது நூலகமொன்றில் தேநீர் போட்டுக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, அங்கிருந்தே நூலகர் தொழிலைக் கற்றார்.

1964இல் லண்டன் இன உறவுகள் நிறுவனத்தின் நூலகர் ஆனார். பெரிய கம்பனிகளின் பணத்தில், ஜேர்மின் வீதியில் நடந்த கனவான்களின் ஆய்வுக்கூடம் அது. கறுப்பின மக்களைப் பற்றி ஆராய்வதா, அவர்களைப் பாதிக்கும் இனவெறியை ஆராய்வதா என்று ஊழியர்கள் கேட்கத் தொடங்கினார்கள். நிர்வாக சபைக்குப் பொறுக்கவில்லை. 1972 ஏப்ரலில் உறுப்பினர் கூட்டம் ஊழியர் பக்கம் நின்றது. சபை விலகியது, பணமும் நின்றது. முன்னுக்கு நின்ற சிவானந்தனுக்கு அப்போது வயது 48. பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் என்று எங்கள் ஆட்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கும் வயது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கையில் காசில்லை, மிஞ்சிய ஊழியர் சொற்பம். புத்தகங்களைக் கட்டிக்கொண்டு பென்டன்வில் வீதியில் இருந்த பாழடைந்த பழைய கிடங்குக்குக் குடிபெயர்ந்தார்கள். நிறுவனத்தின் சஞ்சிகையான ‘ரேஸ்’ 1974இல் ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ என்று பெயர் மாறி, சிவானந்தனை ஆசிரியராகக் கொண்டு வந்தது. நூலகத்துக்குள் அடங்கிக் கிடக்க வேண்டிய மனிதர், அந்த நூலகத்தையே போராட்டத்தின் ஆயுதமாக்கினார்.

2018இல் லண்டனில் காலமான சிவானந்தனின் முதல் நாவல் ‘வென் மெமரி டைஸ்’ வந்தது 1997இல், 73 வயதில். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் எத்தனையோ பேர் படித்திருக்க வேண்டிய புத்தகம் அது. வேலைக்காகக் கொழும்புக்கு வரும் யாழ்ப்பாணத்து இளைஞன் சகாதேவன், அதில் அரசியல் கற்றுக்கொள்வது ஒரு சிங்களத் தொழிற்சங்கவாதியிடம்.