அம்பாசடர் பானெட்டும் ஆடிக் காற்றும்

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. வண்டிகள் நின்றுவிடவில்லை. காங்கேயத்தைச் சுற்றியுள்ள தோட்டத்து வீடுகளில், தாத்தா வாங்கிய அம்பாசடரை விற்க மனமில்லாமல் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து பார்ப்பவர்கள் உண்டு. வெளியே மெழுகு தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். பானெட்டைத் தூக்கினால்தான் வயது தெரியும். பேட்டரித் தட்டு அரித்திருக்கும், ஃபயர்வாலில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருக்கும், மற்ற இடமெல்லாம் கறுப்பு மசி.

இந்த இடத்தை வீட்டிலேயே சுத்தம் செய்து பெயின்ட் அடிக்கலாம். 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் உடம்பு அது. இன்ஜினைச் சுற்றி இரண்டு கையும் தாராளமாக நுழையும். (இன்றைய கார்களில் அந்த வசதியும் இல்லை, பெரும்பாலும் அந்தத் தேவையும் இல்லை. உடம்பை முழுதாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி பிரைமரைப் படியவைத்து விடுகிறார்கள்.) ஆனால் பெயின்ட் அடிப்பது இதில் கடைசி வேலை, சின்ன வேலை. அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் வேதியியல். அதில் நம் ஊர்த் தண்ணீர், துணி, காற்று மூன்றுக்கும் பங்கு உண்டு.

முதலில் மசி. ஆயில் ஒழுகிப் படிந்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள்; அடியில் தகடு புதிதுபோல இருக்கும். தண்ணீரும் ஆக்சிஜனும் இரும்பைத் தொடாதபடி எண்ணெய் தடுத்திருக்கிறது. இத்தனை வருடம் காப்பாற்றிய அந்த எண்ணெய்தான் இப்போது முதல் எதிரி. ஒரு திரவம் ஒரு பரப்பில் விரிந்து படிய வேண்டுமென்றால், திரவத்தின் பரப்பு இழுவிசை அந்தப் பரப்பின் ஆற்றலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சுத்தமான இரும்பின் பரப்பாற்றல் மிக அதிகம். அதன்மேல் பெயின்ட் தானாகப் பரவும். எண்ணெய்ப் படலம் அந்த ஆற்றலைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். பெயின்ட் சுருண்டு ஒதுங்கும், அல்லது ஒட்டியதுபோல நடித்து அடுத்த கோடையில் உரியும்.

அதனால் உப்புத்தாளை எடுக்கும் முன்பே எண்ணெயை எடுத்துவிட வேண்டும். வரிசை மாறினால், தேய்க்கும் கீறல்களுக்குள் எண்ணெயை நாமே திணித்துவிடுவோம். பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ எல்லாவற்றையும் பாலிதீன் பையால் கட்டியபின் தொடங்கலாம். மண்ணெண்ணெயோ டீசலோ மசியைக் கரைக்கும். ஆனால் தானே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். அதன்மேல் சோப்புத்தூள் கழுவல், காய்ந்ததும் தின்னர் துடைப்பு. துடைக்க இரண்டு துணி வேண்டும்: ஒன்று தின்னரில் நனைத்தது, மற்றொன்று அது ஆவியாகும் முன் அழுக்கோடு ஒற்றியெடுக்க. ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம்தான் மாறும்.

அந்தத் துணி விஷயத்தில் நமக்கென்றே ஒரு சிக்கல். திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் எந்தப் பட்டறையிலும் பனியன் வேஸ்ட்தான். பனியன் துணிக்கு வழவழப்பு ஏற்ற, கடைசிக் கட்டத்தில் சிலிக்கோன் கலந்த மென்மையூட்டி சேர்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். சிலிக்கோன் எண்ணெயின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 21 மில்லிநியூட்டன். தண்ணீருக்கு 72, பெயின்ட் இரண்டுக்கும் இடையில், சிலிக்கோனுக்குச் சற்று மேலே. கண்ணுக்குத் தெரியாத துளி சிலிக்கோன் தகட்டில் ஒட்டினாலும், பெயின்ட் அதை விட்டு விலகி வட்டக் குழியாக நிற்கும். அடிக்கும் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். பலமுறை துவைத்துப் பழசான வெள்ளை வேட்டித் துணி இதற்குப் புது பனியன் துண்டைவிட நல்லது.

அடுத்து தண்ணீர். போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் தகட்டில் வெள்ளையாக உப்புத் தங்கும். பெயின்ட் படலம் முழுத் தடுப்பு அல்ல. நீராவி மெதுவாக அதற்குள் ஊடுருவும். அடியில் உப்பு இருந்தால் சவ்வூடு பரவல் தொடங்கி, உப்பு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் கொப்புளம். கடைசி அலசலை மட்டுமாவது பிடித்து வைத்த மழைத்தண்ணீரிலோ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரிலோ செய்தால் இந்தத் தொல்லை இல்லை. பேட்டரித் தட்டில் சிந்திய கந்தக அமிலத்தை முதலில் சமையல் சோடாக் கரைசலால் செயலிழக்கச் செய்ய வேண்டும். மறுபடி ஊற்றும்போது நுரை வராவிட்டால் அமிலம் தீர்ந்தது.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பெயின்ட்டை அடியிலிருந்து தூக்குவது அதுதான். கம்பி பிரஷ்ஷால் தளர்ந்ததை எல்லாம் எடுத்தபின், குழிகளுக்குள் மிஞ்சுவதற்குப் பாஸ்பாரிக் அமிலம். துருவை அது இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிவிடும். டானின் கலந்த துருமாற்றிகளும் கிடைக்கின்றன. அவை பூசியதும் துரு நீலக்கறுப்பாகும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பைச் சேர்த்து மை செய்தார்களே, அதே வினை.

பழைய பெயின்ட்டைத் தேய்ப்பதில் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல்தான் வந்தது. அதுவும் வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளுக்கு. நாற்பது வருடத்து வண்டிப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்தால் தூசி பறக்காது. வடியும் சேற்றை வாசலில் ஊற்றிவிடாதீர்கள். காங்கேயம் வீட்டு வாசலில் மாடு கட்டியிருக்கும். ஈயப் பெயின்ட்டையும் பழைய பேட்டரியையும் நக்கி மாடுகள் சாவது கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போன செய்தி.

இனி பெயின்ட். அமெரிக்காவில் 1920களின் தொடக்கம் வரை கார்களுக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்கவே வாரக்கணக்கில் ஆனது. டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் 1923-ல் அந்தக் காத்திருப்பைச் சில மணி நேரமாக்கியது. இதில் வேதிவினை ஏதுமில்லை. கரைப்பான் பறந்துவிட்டால் காய்ந்தது. அதே காரணத்தால் தின்னர் பட்டால் மறுபடி கரையும். இன்ஜின் பக்கத்துக்கு அது ஆகாது. எனாமல் வேறு ரகம். அதிலுள்ள ஆல்கைடு பிசினின் எண்ணெய்ப் பகுதி காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இதற்கு இரட்டைப் பிணைப்புகள் நிறைந்த ஆளிவிதை போன்ற எண்ணெய் வேண்டும். காங்கேயத்தில் மலையாகக் குவியும் கொப்பரையின் எண்ணெயில் அந்தப் பிணைப்புகள் மிகக் குறைவு. எத்தனை நாள் வைத்தாலும் காயாது. ஆனாலும் பெயின்ட் உலகம் தேங்காய் எண்ணெயை ஒதுக்கவில்லை. காயாத அந்தக் குணத்துக்காகவே, நொறுங்கும் இயல்புள்ள நைட்ரோசெல்லுலோஸுக்கு நெகிழ்வு தர, தேங்காய் எண்ணெய் ஆல்கைடைச் சேர்க்கிறார்கள்.

மிக உறுதியானது இரண்டு டப்பா கலக்கும் பாலியூரித்தேன். வீட்டில் அதை ஸ்ப்ரே செய்யக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் நுண்துளிகள் நுரையீரலில் படிந்தால் நிரந்தர ஆஸ்துமா வரலாம். துணி முகமூடி இதற்குக் காகிதக் குடை. வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் கவசம் உள்ள பட்டறைக்கே அது உரியது. நமக்கு எபாக்ஸி பிரைமரைக் கையுறை போட்டு பிரஷ்ஷால் பூசி, மேலே எனாமல் அடித்தால் போதும்.

எப்போது அடிப்பது? ஆனி, ஆடியில் வேண்டவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே பாயும் தென்மேற்குக் காற்று தாராபுரம், உடுமலை காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம். ஈரப் பெயின்ட்டுக்குப் புழுதி. ஐப்பசி மழையில் வேறு வம்பு: கரைப்பான் ஆவியாகும்போது தகட்டைக் குளிர்விக்கும், ஈரக் காற்று அதன்மேல் பனித்துப் பெயின்ட் வெளுக்கும். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலைக் கணக்கு. மாசி, பங்குனியில் வெயில் ஏறி பனி விலகிய காலை நேரம் தோதானது. மதியம் தகடு சுடும். பெயின்ட் பரவும் முன்பே காய்ந்து சொரசொரப்பாகிவிடும்.

பேட்டரியின் எர்த் வயர் உடம்போடு சேரும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்ட மறக்கக் கூடாது. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் கிடைக்காத வண்டியில் செல்ஃப் மோட்டார் முனகும், லைட் மங்கும். மேனிஃபோல்டுக்கு எனாமல் அடித்தால் முதல் ஓட்டத்திலேயே கருகும். அதற்கு சிலிக்கோன் பிசின் கலந்த வெப்பப் பெயின்ட். தகட்டில் விரட்டிய அதே சிலிக்கோன் இங்கே பிசினாக வேலை செய்கிறது. சூடேறினால்தான் அது இறுகும் என்பதால் முதலில் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட்டு, அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாக ஓட்ட வேண்டும். அப்போது புகையும் நாற்றமும் வரும். வண்டியைப் போர்ட்டிகோவிலிருந்து களத்துக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.