இரு காலங்களில் இயங்கும் வரலாற்று நாவல்: ‘ஆழி சூழ் உலகு’ - ஒரு பரிந்துரை

வரலாற்று நாவல் என்றதும் அரசரும் அரண்மனையும் போர்க்களமுமே நம்மில் பலர்க்கு நினைவில் எழுகின்றன. கல்கி, சாண்டில்யன் வழி வந்த வாசிப்புப் பழக்கம் அத்தகையது. ஆயினும் எளிய மக்களின் வாழ்வும் வரலாறே என்பதை மலேசியத் தமிழ் நாவல் முன்னரே உணர்ந்திருந்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’, டெங்கில் வழியே ஓடும் ஆற்றின் பெயரைத் தாங்கிய அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ ஆகியவை இதற்குச் சான்றாகும். இவை கடந்த காலத்தைக் காலவரிசையில் சொல்லிச் செல்பவை. கடந்த காலத்தையும் பிற்காலத்தையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்றை மற்றொன்றால் விளங்கவைக்கும் நாவல் வடிவம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அவ்வடிவத்தின் வலிமையை அறிய விழையும் ஆசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் ஜோ டி குரூசின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலைப் பரிந்துரைக்க விழைகிறோம்.

2004ஆம் ஆண்டு தமிழினி வெளியீடாக வந்த இந்நாவலின் ஆசிரியர் உவரி என்னும் கடற்கரை ஊரினர். பின்னர் எழுதிய ‘கொற்கை’ நாவலுக்காக 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றவர். ‘ஆழி சூழ் உலகு’ ஆமந்துறை என்னும் கற்பனை ஊரைக் களமாகக் கொண்டு, தென்பாண்டிக் கடற்கரைப் பரதவரின் வாழ்வை 1933 முதல் 1985 வரை மூன்று தலைமுறைகளில் விரித்துரைக்கிறது.

கதை இரு ஓட்டங்களாக அமைந்துள்ளது. 1985இல் புயலில் கலம் உடைந்து, கோத்ராப் பிள்ளை, சூசை, சிலுவை என்னும் மூவர் நடுக்கடலில் தத்தளிக்கின்றனர். ஒருவர் முதியவர், ஒருவர் நடுவயதினர், ஒருவன் இளைஞன். குடிநீரில்லை, கரையும் தென்படவில்லை. இஃது ஓர் ஓட்டம். மற்றொன்று 1933இல் தொடங்கி, சுறா வேட்டை, திருமணங்கள், பகைகள், காகு சாமியார் போன்றோரின் அருட்பணி, மீன்பிடித் தொழிலில் வந்த மாற்றங்கள் எனப் படிப்படியாக நகர்ந்து, அம்மூவரும் கடலுக்குச் சென்ற நாளை நோக்கி வருகிறது. கடலில் கழிவன சில நாள்கள். கரையில் கழிவன ஐம்பது ஆண்டுகளுக்கு மேல். அளவால் இவ்வளவு வேறுபட்ட இரு காலங்களை ஒரே நூலில் பிணைத்திருப்பதே இந்நாவலின் அருமை.

இப்பிணைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். நீரில் மிதப்போர் நெடிது பேசுவதற்கு இயலாது. ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கின்றனர், ஏன் தாங்குகின்றனர் என்பதற்குக் கடற்பகுதி விடை தருவதில்லை. அதனைக் கரைப்பகுதியே தருகிறது. யார் யாருக்கு என்ன கடன்பட்டார், எந்தக் குற்றவுணர்வு எவர் நெஞ்சில் கிடக்கிறது என்பதை அப்பகுதியிலிருந்து வாசகர் அறியுந்தோறும் கடலில் நிகழும் சிறு அசைவுகூடப் பொருள் செறிந்ததாகிறது. மறுதலையாக, மூவரும் சாவின் விளிம்பில் இருப்பதை முன்னரே அறிந்துவிட்டமையால் கரையில் அவர்கள் சிரிக்கும் காட்சியும் நம்மை இலேசாக விட்டுவிடுவதில்லை. முடிவில் கடல் யாரைக் கொள்கிறது, யாரை விடுகிறது என்பதை இங்குக் கூறப் போவதில்லை.

இவ்வடிவத்தைக் கையாளும் நாவல்கள் பலவற்றில் பிற்காலம் வெறும் தேடலாகச் சுருங்கிவிடுவதுண்டு. தமிழ்மகனின் ‘வெட்டுப்புலி’ (2009) தீப்பெட்டிப் படமொன்றின் பின்னணியைத் தேடிச் செல்லும் இன்றைய இளைஞரையும் திராவிட இயக்கக் காலத்தையும் இணைக்கும் சுவையான நாவல். எனினும் தேடுவோர்க்கு அத்தேடலால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஜோ டி குரூசிடம் இரு காலத்துக்கும் உயிர் பணயமாக உள்ளது.

குறைகளும் உள. கரைப்பகுதியில் மாந்தர் மிகப் பலர். உறவுமுறை விளங்காமல் வாசகர் திகைக்க நேரும். நடுப்பகுதியில் சில அத்தியாயங்கள் செய்தித் தொகுப்பாகத் தளர்கின்றன. கடற்கரை வழக்குச் சொற்கள் முதல் ஐம்பது பக்கங்களில் தடையாகத் தோன்றலாம். பொறுமை காப்பின் பின்னர் அச்சொற்களே துணையாகின்றன. பாலுறவுச் செய்திகளும் வசைச்சொற்களும் ஒளிவின்றி வருவதால் இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு இந்நூல் ஏற்றதன்று. பல்கலைக்கழக, ஆசிரியர் பயிற்சி நிலையில் வைக்கலாம்.

நெய்தல் நிலத்து நாவலுக்கும் சிலாங்கூர் வாசகர்க்கும் என்ன தொடர்பு எனக் கேட்கலாம். டெங்கிலை எண்ணிப் பார்ப்போம். முதல் உலகப் போருக்குப்பின் பிரிட்டிஷ் முன்னாள் போர்வீரர் திறந்த இரப்பர்த் தோட்டத்துக்குப் பெரும்போர் என்னும் பொருளில் ‘பிராங் புசார்’ எனப் பெயரிட்டனர். அங்கு உருவான ஒட்டுக்கன்று வகைகள் ‘பி.பி.’ என்னும் முன்னெழுத்தோடு தென்னிந்தியத் தோட்டங்கள் வரை சென்றன. 1995இல் அந்நிலத்தில் புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கியது. பிராங் புசார், மேடிங்லி, காலவே, செட்ஜ்லி ஆகிய தோட்டங்களின் ஏறத்தாழ 400 குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. தற்காலிகம் எனக் கருதப்பட்ட குடியிருப்பு பல்லாண்டுகள் நீண்டது. சுவர்கள் விரிசல் கண்டன.

இம்மக்களின் கதையைத் தோட்டக் காலத்தோடு நிறுத்தினால் அது நினைவேக்கமாகும். அடுக்குமாடிக் காலத்தோடு தொடங்கினால் நாளிதழ்ச் செய்தியாகும். விரிசல் கண்ட சுவரின் முன் நிற்கும் பேரனையும் விடியலில் பால் வெட்டிய பாட்டியையும் அடுத்தடுத்து நிறுத்தும் வடிவமே, அவன் எதனை இழந்தவன் என்பதை அவனுக்கே காட்டவல்லது. அத்தகைய நாவலை எழுதுவோர் நம் மாணவரிடையேதான் தோன்ற வேண்டும்.

வகுப்பில் பயன்படுத்த விழைவோர்க்கு ஒரு குறிப்பு. கடற்பகுதிகளை மட்டும் தனியே தொடர்ந்து படிக்கச் செய்து, பின்னர் நூல் முழுவதையும் வரிசையில் படிக்கச் செய்யலாம். முதல் வாசிப்பில் சாகசக் கதையாகத் தோன்றியது எவ்விடத்தில் வேறொன்றாக மாறுகிறது என்பதை மாணவர் தாமே சுட்டுமாறு விடுதல் நன்று. அடுத்து, தத்தம் வீட்டு முதியோரிடம் அவர் வாழ்ந்த தோட்டத்தின் பெயர், பிரட்டுக்களம், லயத்து வரிசை ஆகியவற்றைக் கேட்டெழுதி வரச் செய்யலாம்.