பி.எல்.டி.சி. ஃபேனுக்கு மின்சாரம் ஏன் குறைவாகச் செலவாகிறது?

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் போதும். காற்று கிட்டத்தட்ட அதே அளவுதான். மீதி 45 வாட் எங்கே போகிறது?

பழைய மோட்டாரின் சுழலும் பகுதிக்குச் சொந்தக் காந்தம் கிடையாது. கம்பிச்சுருளின் காந்தப்புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டி, அதைக் காந்தமாக்கிச் சுற்றவைக்கிறது. இதில் பெரும்பங்கு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. வெகுநேரம் ஓடிய ஃபேனின் நடுப்பகுதி சுடுவது அதனால்தான். புதியதில் நிரந்தரக் காந்தங்களே இருக்கின்றன; மின்னணுச் சுற்று ஒன்று, காந்தம் இருக்கும் நிலையறிந்து சுருள்களுக்கு முறைவைத்து மின்சாரம் தருகிறது.

நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், மாதம் 20 யூனிட் மிச்சம். 20 ஃபேன் ஓடும் விடுதிக்கு 400 யூனிட்! விலை கூடுதல்தான், ஆகவே அதிகம் ஓடும் ஃபேனை முதலில் மாற்றுங்கள். பழைய ரெகுலேட்டரை மறக்காமல் கழற்றச் சொல்லுங்கள். வேகத்தை ஃபேனுக்குள் இருக்கும் சுற்றே பார்த்துக்கொள்ளும்.