கடைசி மடக்கு

பரளச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அகதா கிறிஸ்டியின் முதல் நாவலில், ஒரு அம்மாள் நாள்தோறும் குடித்துவந்த டானிக்கே கடைசி நாளில் அவரைக் கொன்றுவிடுகிறது. இது நடக்கிற காரியமா, கதையளப்பா?"

நடக்கிற காரியம்தான். துப்பறியும் கதை விஷங்களில் பாதி புருடா. ஒரு சொட்டு உள்ளே போகும், ஆள் பாதி வசனத்தில் சாய்வார். 1920இல் வெளிவந்த இந்த 'ஸ்டைல்ஸ்' நாவல் அந்தச் சாதி இல்லை. (முடிவைச் சொல்லிவிடுகிறேன். நூறு வருஷம் அவகாசம் கொடுத்தாயிற்று.)

அந்தக் காலத்து டானிக்குகளில் எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்டிரிக்னைன், உப்பு வடிவில் துளியூண்டு கரைந்திருக்கும். கொலையாளி அதில் தூக்கப் பொடியான புரோமைடைப் போடுகிறான். கரைசலில் ஸ்டிரிக்னைன் பழைய ஜோடியை விட்டுவிட்டுப் புரோமைடோடு சேர்ந்துகொள்கிறது. இந்தப் புது உப்பு தண்ணீரில் லேசில் கரையாது. பளிங்குத் துணுக்குகளாகிக் குப்பியின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். கூடுதலாக ஒரு துளி நஞ்சுகூடச் சேர்க்கவில்லை. பல நாளுக்குப் பங்கிட்டிருந்ததைக் கடைசி நாள் கணக்கில் எழுதியதுதான் கொலை!

பரளச்சிக்காரருக்கு இதை விளக்க ஊருணித் தண்ணீர் போதும். தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசிவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால், காலையில் மேலே தெளிவு, அடியில் மண்டி. மேலாக மொண்டு குடிப்போம், கடைசிச் செம்பைப் பூசணிக்கொடிக்கு ஊற்றுவோம். ஸ்டைல்ஸ் மாளிகையில் ஒரு பூசணிக்கொடி இருந்திருந்தால் அந்த அம்மாள் பிழைத்திருப்பார். கொடி என்ன ஆகியிருக்கும் என்று கேட்காதீர்கள்.

உவமை இதோடு நொண்டுகிறது. பானையில் மண் முதலிலிருந்தே மண்ணாகத்தான் மிதக்கிறது. கொட்டையிலிருந்து வரும் நீண்ட மூலக்கூறுகள் துகள்களுக்கிடையே பாலம் போட்டுக் கொத்தாக்குகின்றன, கனம் கூடியதும் இறங்குகின்றன. குப்பியிலோ, கண்ணுக்கே தெரியாமல் கரைந்திருந்தது திடப்பொருளாகப் பிறக்கிறது. ஆனால் ஒரு வேடிக்கை: எட்டியும் தேற்றாவும் ஒரே பேரினம், ஸ்டிரிக்னோஸ். ஒரு பங்காளி ஆளைக் கொல்கிறான், இன்னொருவன் கலித்தொகைக் காலத்திலிருந்து நமக்குத் தண்ணீரைத் தெளியவைத்துத் தருகிறான். அதற்காக, இந்தக் கொட்டை எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பவேண்டாம். தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும், கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும்.

வரலாறு கொஞ்சம் சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். ஸ்டிரிக்னைனை 1818இல் பிரித்தெடுத்தவர்கள் பெல்லெட்டியேவும் கவான்டூவும். கிறிஸ்டி முதல் உலகப்போரின்போது டார்க்கி நகரில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர். இங்கிலாந்தில் ஒரு பெண் இப்படியே கடைசி வேளை மருந்தில் இறந்ததை, மருந்து கலப்போருக்கான கையேடு ஒன்று எச்சரிக்கையாக அச்சிட்டிருந்தது. அதைத்தான் அவர் நாவலாக்கினார்.

எட்டி அப்படிக் கசக்குமே, எப்படித் தெரியாமல் போயிற்று? டானிக் என்றாலே கசக்கவேண்டும் என்று நினைத்த காலம் அது. உள்ளே போன ஸ்டிரிக்னைன், தண்டுவடத்தில் தசைகளுக்கு 'போதும்' என்று கட்டளையிடும் கிளைசினின் இடத்தை மறித்துவிடும். பிரேக் அறுந்த தசைகள் உடம்பை வில்லாய் வளைக்கும். அது சட்டென்று சாயும் சாவே இல்லை.

அந்த டானிக் இன்று கடையில் கிடைக்காது. மண்டி மட்டும் இருக்கிறது. குழந்தைக்கு வாங்குகிற ஆன்டிபயாடிக் பொடியில் தண்ணீர் ஊற்றிக் கலக்குகிறோமே, அதுவும் கரைசல் இல்லை, மிதவைதான். குலுக்காமல் ஊற்றினால் முதல் வேளைகளில் மருந்து குறைச்சலாகவும், கடைசி வேளையில் கூடுதலாகவும் போகும்.